வருவது சிவப்பு, போவது நீலம்

கந்தசஷ்டிக் கூட்டம் கலைந்து, ஊர் மறுபடியும் தன் சுபாவமான அமைதிக்குத் திரும்பியிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலையில், எட்டு மாதக் கர்ப்பிணியான என் மருமகளையும், அவள் தாயாகிய என் தமக்கையையும் அழைத்துக்கொண்டு திருச்செந்தூரில் ஒரு ஸ்கேன் நிலையத்துக்குப் போயிருந்தேன். கருவிலிருக்கும் சிசு ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தை நினைவூட்டும் பலகை வாசலிலேயே இருந்தது. உள்ளே மருமகள் படுத்திருக்க, தமக்கை பக்கத்தில் நிற்க, நான் திரைச்சீலைக்கு இப்பால் ஒரு நாற்காலியில் அமர்ந்து, சுவரில் உறவினர்களுக்காக மாட்டியிருந்த இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிறத்தில் மேகம்போல் அசைந்துகொண்டிருந்த சித்திரத்தின் நடுவே, டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினதும், முறுக்கிய கயிறு ஒன்று சிவப்பும் நீலமுமாக ஒளிர்ந்து துடிக்கலாயிற்று. அது தொப்புள்கொடி என்று எனக்கும் தெரிந்தது. தமக்கைக்கோ அதற்கு மேல் ஒரு சந்தேகம் எழுந்துவிட்டது.

“ஏன் டாக்டரம்மா, செவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்னுல்லா எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவ? பிள்ளைக்கு இவ்வளவு நீலமா ஓடுதே, ஒண்ணும் பயமில்லையே?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. செவப்புன்னா என் கையில இருக்கிற இந்தப் புரோபைப் பாத்து வருது. நீலம்னா விட்டு விலகிப் போகுது. அவ்வளவுதான்” என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தொப்புள்கொடியின் விஷயத்தில் பள்ளிக்கூடத்துப் பாடம் இன்னும் ஒரு படி தலைகீழாகிவிடுகிறது. சிசுவின் உடம்பிலிருந்து பிராணவாயு குறைந்த ரத்தத்தைத் தாயின் நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகிறவை இரண்டு தமனிகள். அங்கே சுத்தியடைந்த ரத்தத்தைச் சிசுவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு சிரை. ஆகவே, நிறத்தைக் கொண்டு ரத்தத்தின் குணத்தை நிச்சயிக்க முடியாது. பின்னே அந்தக் கருவி எதைத்தான் பார்க்கிறது, பார்த்ததை எப்படி நிறமாகவும் கோடாகவும் சப்தமாகவும் நம் முன் வைக்கிறது என்ற யோசனையோடு வீடு திரும்பினேன். அந்த யோசனையின் பலன்தான் இந்தக் கட்டுரை.

கடற்கரையும் ரயில் கேட்டும்

திருச்செந்தூர்க் கடலில் நீராடினவர்களுக்கு இந்தச் சாஸ்திரத்தின் முதற்பாடம் ஏற்கெனவே தெரியும். கரையோரத்தில் அசையாமல் நிற்கிறவன்மேல் நிமிஷத்துக்கு இத்தனை என்று ஒரு கணக்கில் அலைகள் வந்து மோதுகின்றன. அவனே கடலுக்குள் நடக்கத் தொடங்கினால், அலைகளை எதிர்கொண்டு போவதால், அதே நிமிஷத்தில் இன்னும் அதிகமான அலைகளைச் சந்திக்கிறான். கரையை நோக்கித் திரும்பி நடந்தாலோ, அலைகள் அவனைத் துரத்திப் பிடிக்கவேண்டியிருப்பதால், மோதும் அலைகள் குறைந்துபோகின்றன. கடல் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. நடக்கிறவனுடைய திசையும் வேகமும் அந்தக் கணக்கை அவனுக்கு மட்டும் மாற்றிவிட்டன.

கடலில் உடம்பு உணர்ந்ததை ரயில் கேட்டில் செவி உணர்கிறது. 1923-இல் ஏற்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில், குரும்பூருக்கோ ஆறுமுகநேரிக்கோ பக்கத்தில் மூடிய கேட்டின் அருகே நின்றவர்கள், ஊதிக்கொண்டே வரும் வண்டியின் ஒலி, தம்மைக் கடந்த கணத்தில் திடீரென்று சுருதி இறங்குவதைக் கேட்டிருப்பார்கள். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போவதாகவும், காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் என்றும் வைத்துக் கணக்கிட்டால், வரும்போது கேட்ட சுருதிக்கும் போகும்போது கேட்ட சுருதிக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட 9-க்கு 8 என்று வருகிறது. சங்கீதம் அறிந்தவர்கள் இந்த விகிதத்தைக் கண்டதும் புன்னகை செய்வார்கள். சதுச்ருதி ரிஷபத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள விகிதம் அது. எஞ்சின், தான் அறியாமலே, ரிஷபத்தில் வந்து ஷட்ஜத்தில் போகிறது. சுருதி எவ்வளவு இறங்கிற்று என்று துல்லியமாகக் கேட்கத் தெரிந்தவன், வண்டியைப் பாராமலே அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த உண்மையை முதன்முதலில் கணித வாயிலாகச் சொன்னவர் ஆஸ்திரியா தேசத்து சால்ஸ்பர்க் நகரில் 1803-இல் பிறந்த கிறிஸ்டியன் டாப்ளர். 1842-இல் பிராக் நகரத்து விஞ்ஞான சபையில் அவர் வாசித்த கட்டுரை ஒலியைப் பற்றியது அன்று. இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றியது. நம்மை நோக்கி வரும் நட்சத்திரம் நீலம் பாரித்தும், விலகிப்போவது சிவந்தும் தோன்றும் என்று அவர் வாதித்தார். நட்சத்திரங்கள் நம் கண்ணுக்குப் பல நிறமாகத் தெரிவதற்கு முக்கிய காரணம் அவற்றின் வெப்பநிலையே என்பதால், அவர் காட்டிய உதாரணம் தவறாகப் போயிற்று; அவர் கண்ட விதி மட்டும் பிழைத்தது. 1845-இல் ஹாலந்து தேசத்து உத்ரெக்ட் நகருக்கருகே, பாய்ஸ் பாலட் என்பவர் ரயில் வண்டியில் ஊதுகொம்பு வாசிப்பவர்களை ஏற்றியும், பாதையோரத்தில் சுருதி ஞானமுள்ளவர்களை நிறுத்தியும் அந்த விதியை ஒலியில் சோதித்து உறுதி செய்தார். வானசாஸ்திரிகளுக்கு இன்றும் நீலம் வருவதன் அடையாளம், சிவப்பு போவதன் அடையாளம். ஸ்கேன் அறையிலோ வழக்கம் இதற்கு நேர்மாறு. நிறம் என்பது இரண்டு இடத்திலும் மனிதர் கூடி வைத்துக்கொண்ட அல்லது கண்டுகொண்ட குறியே தவிர, ரத்தத்தின் குணம் அன்று என்பதற்கு இதுவே போதுமான சாட்சி.

சிவப்பணுவின் எதிரொலி

நட்சத்திரங்களுக்காகச் சொல்லப்பட்ட விதி மனித உடம்புக்குள் இறங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்து பௌதிக விஞ்ஞானி ஷிகேயோ சடோமுரா, 1950-களின் நடுவில், செவிக்கு எட்டாத மீயொலியை மார்பின் வழியே செலுத்தி, துடிக்கும் இருதயத்திலிருந்து திரும்பும் எதிரொலியின் அதிர்வு மாறுவதைக் கண்டு, 1957-இல் ஆங்கிலத்திலும் எழுதினார். பின்னர் கனேகோ என்ற மருத்துவரோடு சேர்ந்து ரத்த ஓட்டத்தையும் அதே முறையில் ஆராய்ந்தார். 1960-இலேயே அவர் காலமாகிவிட்டார். மறு வருஷமே அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பிராங்க்ளின், ஷ்லெகல், ரஷ்மர் மூவரும், ரத்தத்திலிருந்து சிதறித் திரும்பும் ஒலியைக் கொண்டே அதன் வேகத்தை அளக்கலாம் என்று காட்டினார்கள்.

சிதறச் செய்கிறவை சிவப்பணுக்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் அதில் ஏழெட்டுப் பங்குதான் ஓர் அணுவின் அகலம். அதன்மேல் படும் ஒலியலையின் நீளமோ, 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வில், சுமார் 0.3 மில்லிமீட்டர். தனியோர் அணுவை அந்த அலை பொருட்படுத்துவதே இல்லை. ஆயினும் கோடிக்கணக்கான அணுக்கள் கூடிப் போகையில், ஒவ்வொன்றும் சிதறடிக்கும் சிற்றொலிகள் சேர்ந்து, சுற்றியுள்ள தசையின் எதிரொலியைவிட மிகவும் நலிந்ததானாலும், பிடித்துக் கேட்கக்கூடிய ஒரு முணுமுணுப்பாகின்றன. ஓடும் அணு முதலில் ஒலியைக் கேட்கும் பயணியாகவும், பிறகு அதையே திருப்பி அனுப்பும் ஊதுகுழலாகவும் இருக்கிறபடியால், அதிர்வின் மாறுதல் இரட்டிப்பாகிறது.

இயற்கை செய்த ஓர் அநுகூலத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடம்பின் மெல்லிய திசுக்களில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நேரே எதிர்த்து வரும் ரத்தத்திலிருந்து அது திரும்பினால், அதிர்வில் உண்டாகும் வித்தியாசம் சுமார் 6,500 ஹெர்ட்ஸ். அனுப்பிய ஒலி மனிதச் செவியின் எல்லையாகிய 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி எங்கோ இருந்தாலும், வித்தியாசம் மட்டும் செவிக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் ஒலிபெருக்கி நமக்குக் கேட்கச் செய்கிறது.

ஆனால் இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. டாப்ளர் பரிசோதனையின் சூக்ஷ்மம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம். கருவி அறிவது ரத்தத்தின் முழு வேகத்தை அன்று. தன்னை நோக்கியோ தன்னை விட்டு விலகியோ அது போகும் அளவை மட்டுமே. ரயில் பாதையிலிருந்து வெகுதூரம் தள்ளி, வயல் நடுவே நிற்கிறவனுக்கு, வண்டி குறுக்கே கடக்கும் அந்தக் கணத்தில், அது எவ்வளவு விரைந்து போனாலும், வருவதும் இல்லை, போவதும் இல்லை. அதுபோல ஒலிக்கற்றை ரத்தக்குழாயைச் செங்குத்தாக வெட்டினால், வெள்ளமாய் ஓடும் ரத்தமும் கருவிக்குத் தேங்கிக் கிடப்பதாகவே படும். 60 பாகைச் சாய்வில் பாதி வேகம்தான் தெரியும். அதனால் மருத்துவர் திரையில் ஒரு சிறு கோட்டைத் திருப்பி, குழாயின் போக்கு இது என்று கருவிக்குச் சொல்லித்தரவேண்டும். 60 பாகையை 65 என்று பிழையாகச் சொன்னால் கணக்கிட்ட வேகம் 18 சதவீதம் கூடிவிடும்; 70-ஐ 75 என்று சொன்னாலோ பிழை 32 சதவீதமாகும். கழுத்துத் தமனி போன்றவற்றில் கோணம் 60-ஐத் தாண்டலாகாது என்ற நியமம் இதனால்தான் ஏற்பட்டது.

ஓயாத ஒலியும் விட்டுவிட்டு ஒலியும்

டாப்ளர் முறைகள் பலவாக இருப்பதைக் கண்டு மலைக்கவேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை. ஒன்றைத் திட்டமாக அறிவதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம்.

முதலாவது, தொடர் அலை டாப்ளர். புரோபிலுள்ள ஒரு படிகம் ஓயாமல் ஒலியை அனுப்பிக்கொண்டேயிருக்க, இன்னொரு படிகம் ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும். எவ்வளவு பெரிய வேகமானாலும் இது தடுமாறாமல் அளந்துவிடும். ஆனால் அந்த வேகம் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று கேட்டால், கற்றையின் வழி நெடுகிலும் எங்கோ ஓரிடத்தில் என்பதுதான் பதில். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துச் சிசுவின் இருதயத் துடிப்பைக் கேட்கும் கையடக்கமான கருவியும், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் நாடி ஓடுகிறதா என்று தேடும் பேனா போன்ற கருவியும் சாதாரணமாக இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதன் பெருமையோ இருதய வால்வில் தெரியும். ஸ்ரீவைகுண்டம் அணையில், தாமிரபரணியின் பழைய எட்டு அணைகளில் கடைசியான அந்த இடத்தில், மதகின் பலகையைச் சிறிதே தூக்கினால் தண்ணீர் எப்படிச் சீறிப் பாய்கிறது என்று பார்த்தவர்களுக்கு, வழி குறுகக் குறுக வேகம் மிகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை; அணைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு சீற்றம். அப்படியானால், சீற்றத்தை அளந்து உயரத்தைச் சொல்லலாம் அல்லவா? நார்வே தேசத்து ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் ஆங்கெல்சன் என்ற பொறியியலாளரும் 1970-களின் இறுதியில் செய்து காட்டிய காரியம் இதுதான். வேகத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நான்கால் பெருக்கினால், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் மில்லிமீட்டர் பாதரசத்தில் கிடைத்துவிடும். மகாதமனியின் வாயிலில் விநாடிக்கு 4 மீட்டர் வேகம் தெரிந்தால், வித்தியாசம் 64 மில்லிமீட்டர். வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். முன்பெல்லாம் ரத்தக்குழாய் வழியே இருதயம் வரை நீண்ட குழலைச் செலுத்தி அறிந்ததை, இளம்பிராயத்து ருமாட்டிக் காய்ச்சலின் வடுவாக வால்வு சுருங்கிப்போன எத்தனையோ ஏழைப் பெண்கள் உள்ள நம் தேசத்தில், தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் அறிய முடிகிறது என்பதை நினைத்தால், அந்த எளிய சூத்திரத்தை வணங்கத் தோன்றுகிறது.

இரண்டாவது, துடிப்பு டாப்ளர். இதில் ஒரே படிகம் ஒரு கணம் கூவிவிட்டு, மௌனமாயிருந்து எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஒலிக்கு 13 மைக்ரோவிநாடி ஆகும். ஆகவே 10 சென்டிமீட்டர் ஆழத்துச் செய்தி வேண்டுமானால், கூவி 130 மைக்ரோவிநாடி கழித்து வருகிற ஒலிக்கு மட்டும் செவியைத் திறந்து, முன்னும் பின்னும் மூடிக்கொண்டால் போதும். மருத்துவர் திரையில் ரத்தக்குழாயின் நடுவே வைக்கும் இரண்டு சிறு கோடுகள் அந்தச் செவியின் வாசல். சியாட்டில் நகரத்து டொனால்ட் பேக்கர் முதலியோர் 1970-ஐ ஒட்டி இம்முறையை உருவாக்கினார்கள்; சாம்பல் நிறச் சித்திரத்தோடு இது இணைந்தபோது, எங்கே என்பதும் எவ்வளவு என்பதும் ஒருங்கே கிடைத்தன.

இதற்குக் கொடுத்த விலை என்ன? முந்திய எதிரொலி திரும்புமுன் அடுத்த கூவலைத் தொடங்கக்கூடாதாகையால், ஆழம் கூடக்கூட விநாடிக்கு எத்தனை முறை கூவலாம் என்பது குறைந்துகொண்டே போகிறது. சுவரிலுள்ள கடிகாரத்தை 50 நிமிஷத்துக்கு ஒரு தரம் மட்டுமே கண் திறந்து பார்க்கிற ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் இருந்த பெரிய முள்ளை அடுத்த தரம் அவன் பத்தில் காண்பான், அதற்கடுத்து எட்டில். முள் பின்னோக்கிச் செல்கிறதென்று அவன் சத்தியம் செய்வான். போதிய தடவை பாராதவனுக்கு முன்னே செல்வது பின்னே செல்வதாகத் தோன்றும் இந்த மயக்கம் துடிப்பு டாப்ளருக்கும் உண்டு. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 7,700 முறைதான் கூவ முடியும். அதில் பாதியாகிய 3,850 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மாறுதலைக் கருவியால் சரியாகச் சொல்ல இயலாது. 2.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் அது விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வேகம். அதைத் தாண்டினால், திரையில் எழும் அலையின் சிகரம் வெட்டுண்டு, எதிர்ப்புறத்தில், கீழேயிருந்து முளைக்கும். விவரமறிந்த மருத்துவர் அதை ரத்தம் பின்னோக்கி ஓடுவதாக எண்ணி ஏமாறமாட்டார். அளவுகோலை மாற்றுவார், திரையின் நடுக்கோட்டை இறக்குவார், அல்லது தொடர் அலைக்குத் திரும்புவார்.

இவ்விரு முறைகளும் தம் விடையை வரைபடமாகவே எழுதுகின்றன. இடமிருந்து வலமாகக் காலம். நடுக்கோட்டிலிருந்து உயரம் வேகம். கோட்டுக்கு மேலே இருந்தால் வருவது, கீழே இருந்தால் போவது. ஓரிடத்தின் பிரகாசம் அந்த வேகத்தில் ஓடும் அணுக்களின் பெருக்கம். இருதயம் சுருங்கும்போது அலை சிகரமாக எழுகிறது, விரியும்போது தாழ்கிறது. ஒழுங்காக ஓடும் ரத்தத்தில் அணுக்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால் அலையின் விளிம்பு மட்டும் ஒளிர்ந்து உள்ளே ஒரு வெற்றிடம் தெரியும். அடைப்பைத் தாண்டிச் சுழித்து ஓடும் இடத்தில் அந்த வெற்றிடம் தூர்ந்துபோகும்.

நிறமும் நிறத்தின் மறதியும்

மூன்றாவதுதான் என் தமக்கையை மயக்கிய வண்ண டாப்ளர். ஒரு வாசலுக்குப் பதிலாக, சித்திரத்தின் ஒரு கட்டம் முழுவதிலும் நூற்றுக்கணக்கான சிறு வாசல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ரத்தத்தின் சராசரி வேகத்தை மதிப்பிட்டு, அதை நிறமாகத் தீட்டிவிடுவது இதன் தொழில். இத்தனை கணக்கையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிக்கும் உபாயத்தை ஜப்பானில் கசாய், நமெகாவா முதலியோர் கண்டு 1985-இல் விவரித்தார்கள். பரந்த இடத்தை ஒரே பார்வையில் காட்டுவது இதன் வரம். சராசரியை மட்டுமே சொல்வது இதன் குறை. உச்ச வேகம் வேண்டுமென்றால் துடிப்பு டாப்ளரிடம்தான் போகவேண்டும். அது எங்கே வாசல் வைப்பது என்று காட்டும் வழிகாட்டி இந்த வண்ணச் சித்திரம்.

பாபநாசத்திலிருந்து பொதுவாகக் கிழக்கு நோக்கி வரும் தாமிரபரணி, முறப்பநாட்டில் வடக்கு முகமாகத் திரும்பி ஓடுகிறது. அதனாலேயே அந்தத் துறையில் நீராடுவது விசேஷம் என்பார்கள். திசை மாறிற்றே தவிர, நதி மாறவில்லை, நீரும் மாறவில்லை. முறுக்குண்ட தொப்புள்கொடியிலும் அப்படியே. ஒரே தமனி ஒரு வளைவில் புரோபை நோக்கி வந்து சிவக்கிறது; அடுத்த வளைவில் விலகிப்போய் நீலமாகிறது; திரும்பும் இடத்தில், குறுக்கே ஓடுவதால், நிறமே இன்றிக் கறுத்துக் கிடக்கிறது. கறுப்பைக் கண்டு அடைப்பென்றும், சிவப்பைக் கண்டு தமனியென்றும் முடிவு செய்கிறவன் இரண்டு தரம் ஏமாறுவான். வேகம் எல்லை மீறினால் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் நீலத்துக்குத் தாவும். ரத்தம் சுழித்துக் கலங்கும் இடத்தில் நிறங்கள் கோலப்பொடி சிந்தினாற்போல் கலந்து கிடக்கும்.

நான்காவது, பவர் டாப்ளர். 1994-இல் அமெரிக்க மருத்துவர் ஜானதன் ரூபினும் அவர் சகாக்களும் இதைப் பிரசுரித்தார்கள். எவ்வளவு வேகம், எந்தத் திசை என்ற இரண்டு கேள்விகளையும் இது அடியோடு மறந்துவிட்டு, நகரும் ரத்தம் இங்கே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் கேட்கிறது. வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில், அணைந்துகொண்டிருக்கும் தணல்போலத் தெரியும். கடைமடை விவசாயிக்கு ஆற்றில் எத்தனை கன அடி போகிறது என்பதில் சுவாரஸ்யமில்லை. தன் வயல் நனைந்ததா என்பதே கேள்வி. சிறுநீரகத்தின் விளிம்பு வரை ரத்தம் எட்டியிருக்கிறதா, விதை முறுக்கிக்கொண்டு வலியால் துடிக்கும் சிறுவனுக்கு அங்கே ஓட்டம் மிச்சமிருக்கிறதா என்று அறியவேண்டியபோது, மிக மெல்லிய ஓட்டத்தையும் பிடிக்கும் இந்த முறை கைகொடுக்கிறது. ஆனால் மூச்சு விட்டாலும் அசைந்தாலும் படம் முழுவதும் தீப்பற்றினாற்போல் ஆகிவிடும்.

பள்ளத்தைப் பார்ப்பது

அன்று டாக்டர் வண்ணத்தில் நெடுநேரம் தங்கவில்லை. கொடியில் சிவந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, அதில் வாசலை வைத்து, துடிப்பு டாப்ளரைத் திறந்தார். வரிசையாக அலைகள் எழுந்தன. அவர் பார்த்தது சிகரத்தை அன்று, இரண்டு சிகரங்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்தை.

நஞ்சுக்கொடி செம்மையாக இருந்தால், அதற்குள் கிளைத்துக் கிளைத்துப் போகும் நுண்ணிய நாளங்கள் திறந்து கிடக்கும். சிசுவின் இருதயம் தள்ளி முடித்து ஓய்ந்திருக்கும் வேளையிலும் ரத்தம் முன்னோக்கியே சென்றுகொண்டிருக்கும். ஸ்ரீவைகுண்டம் தென்காலில் வரும் தண்ணீர், வழியிலுள்ள மடைகளெல்லாம் திறந்திருந்தால், மதகை மூடின பிறகும் சற்றுநேரம் வயலை நோக்கி இழுபடுகிறது; மடைகள் அடைபட்டிருந்தால் நின்றுவிடுகிறது, சில சமயம் எதிர்த்தும் அலைகிறது. நஞ்சுக்கொடியின் நாளங்கள் கெட்டுப்போனால், பள்ளத்தில் ஓட்டம் முதலில் குறைகிறது, பிறகு இல்லாமற்போகிறது, மிகவும் கெட்ட நிலையில் கோட்டுக்குக் கீழே இறங்கி, பின்னோக்கி ஓடுகிறது. கருவில் வளர்ச்சி குன்றிய சிசுவுக்கு இந்தக் கடைசி நிலை பேராபத்தின் அறிகுறி; பிரசவத்தை எப்போது செய்விப்பது என்ற தீர்மானம் இதைப் பொறுத்தும் அமைகிறது. தொப்புள்கொடித் தமனியில் டாப்ளரைப் பிரயோகிப்பதுபற்றி டப்ளின் நகரத்து பிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் 1977-இல் எழுதினார்கள்.

முறுக்குண்ட கொடியில் கோணத்தை எவ்வாறு அறிவது என்று வாசகர் கேட்கலாம். அறியவேண்டியதே இல்லை. சிகர வேகத்திலிருந்து பள்ள வேகத்தைக் கழித்து, அதைச் சிகர வேகத்தாலேயே வகுத்தால், மேலும் கீழும் ஒரே கோணம் இருப்பதால், அது அடிபட்டுப்போய், தடையின் அளவு மட்டும் மிஞ்சுகிறது. சிசுவின் மூளைத் தமனியிலோ, ரத்தசோகை உண்டா என்று அறிய உண்மையான வேகமே தேவைப்படுகிறது. சோகை முற்ற முற்ற வேகம் கூடும். அங்கே கற்றையைத் தமனியின் போக்கிலேயே, கோணம் பூஜ்யத்தை ஒட்டும்படி வைத்து அளக்கவேண்டும். ஒரே கருவி, ஒரே சிசு. கேள்வி மாறினதும் கைவாகும் மாறவேண்டியிருக்கிறது.

கருவி செய்யக்கூடிய ஒரு தவற்றையும் சொல்லிவிடவேண்டும். குழாய்ச் சுவரின் அசைவு மெதுவானது, ஆனால் அதன் எதிரொலி பலத்தது. அது ரத்தத்தின் முணுமுணுப்பை மூழ்கடிக்காதபடி, மெல்ல அசைவதையெல்லாம் வடிகட்டி விலக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த வடிகட்டியை அளவுக்குமேல் உயர்த்திவிட்டால், பள்ளத்திலுள்ள மெல்லிய ஓட்டமும் சேர்ந்து விலகி, நல்ல நஞ்சுக்கொடியும் கெட்டதாகத் தோன்றும். மேலும், துடிப்பு டாப்ளர் ஓரிடத்தில் குவிக்கும் ஒலிச்சக்தி சாதாரண ஸ்கேனைவிட அதிகமாகையால், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தக்க காரணமின்றி அதைப் பிரயோகிப்பதில்லை.

இந்தியக் கதிரியல் மருத்துவர்களின் சங்கம் 2019-இல் தொடங்கிய ‘சம்ரக்ஷண்’ என்னும் திட்டம், பெருநகரங்களில் மட்டும் கிடைத்துவந்த இந்தச் சிசு டாப்ளர் பரிசோதனையைச் சிற்றூர்களுக்கும் பரப்பி, பிரசவத்தை ஒட்டி நேரும் சிசு மரணத்தைக் குறைப்பதை நோக்கமாகக் கொண்டது. திருச்செந்தூர் போன்ற ஊரில் ஒரு டாக்டர் சிகரத்தை விட்டுப் பள்ளத்தைப் பார்ப்பது அப்படிப்பட்ட முயற்சிகளுக்கு அர்த்தம் தருகிறது.

பரிசோதனை முடிகிற தறுவாயில் டாக்டர் ஒலிபெருக்கியைச் சற்று உயர்த்தினார். புயற்காற்று தென்னந்தோப்பில் விட்டுவிட்டு வீசுவதுபோல் அறை நிறைந்தது.

“பிள்ளையோட ரத்தம் ஓடுற சத்தமா, டாக்டரம்மா?” என்றாள் தமக்கை.

“ரத்தம் சத்தமே போடலம்மா. நாங்க அனுப்பின ஒலிக்கும் திரும்பி வந்த ஒலிக்கும் உள்ள வித்தியாசம்தான் இப்படிக் கேக்குது.”

தமக்கை அதற்குப் பதில் சொல்லவில்லை. அறிக்கையை வாங்கி நாலாக மடித்து, காலையில் சந்நிதியில் வாங்கின பன்னீர் இலை விபூதியோடு பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, அடுத்த வீட்டு ஆச்சி அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “என்ன இவ்வளவு நீலமா இருக்கு?” என்று திகைத்தபோது, நான் விளக்கவேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

“அது நல்லதுமில்ல, கெட்டதுமில்ல, ஆச்சி. செவப்பு வருது, நீலம் போவுது. அதப் பாத்து ஒண்ணும் ஆவப்போறதில்ல. அந்தா, கீழ மலை மலையா எழுதியிருக்குல்லா, அதுல நடுவுல பள்ளம் தரையத் தொடாம இருக்கா பாருங்க. அதத்தான் பாக்கணும்.”